பட்டறை டாக்டர்

“யாரு இந்தக் கண்ணைக் கிண்டினது?” என்று கேட்டார் கண் டாக்டர்.

கருவியில் முகவாயைப் பொருத்தி உட்கார்ந்திருந்த சம்பந்தி, தானேதான் என்றார்.

சுவரோரம் நாற்காலியில் இருந்தவர் கூரையைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் விடாமல் பார்த்தார்.

பட்டறையில் அவருக்குப் பெயரே டாக்டர். சற்று முன் நர்ஸ் எட்டிப்பார்த்து, டாக்டர் வந்தாச்சு என்று சொன்னபோது, பழக்கதோஷத்தில் பாதி எழுந்துகூட விட்டார்.

இரும்பு கடையும் லேத்துப் பட்டறை. பாதுகாப்புக் கண்ணாடிகள் எல்லாம் ஆணியில் பத்திரமாகத் தொங்கும். யார் கண்ணில் தூள் விழுந்தாலும் கையால் பொத்திக்கொண்டு நேரே அவரிடம்தான் வருவார்கள்.

அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடி ஆண்டவனை நினைப்பார். தீக்குச்சியால் இமையைப் புரட்டுவார். கைக்குட்டையின் நுனியைத் திரி போல முறுக்கி, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரே ஒற்று.

மறுநாள் அந்தக் கண் பளிச்சென்று இருக்கும். ஒருவருக்குக்கூடத் தவறியதில்லை.

தன் விரல் நுனியில் ஆண்டவன் எதையோ வைத்து அனுப்பியிருக்கிறான் என்று அவர் நம்பினார். அதைக் கொஞ்சமும் கர்வமில்லாமல் நம்புவதாகவும் நம்பினார்.

இந்த முறை தூள் விழுந்தது அதே பட்டறையில் வேலை பார்க்கும் சம்பந்தியின் கண்ணில். மகளைக் கொடுத்த இடம். கூடுதலாகக் கொஞ்சம் கவனிக்காமல் விட முடியுமா?

கைக்குட்டை வைத்தியம் முடிந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டார். லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினார். மாப்பிள்ளை வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். அவர் மட்டும் சம்பந்தியின் கட்டிலருகே இருந்து அசையவில்லை.

கண் சிவந்தது. தண்ணீர் கொட்டியது. ஜன்னலைத் திறந்தால் சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு துகள் மிச்சம் இருக்கிறது என்று அவர் மறுபடியும் கைக்குட்டையை முறுக்கினார். அதிலும் அடங்காமல் போகவே, தன் மனைவியின் கண் ஆபரேஷனுக்கு வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தை வீட்டிலிருந்து ரகசியமாக வரவழைத்துப் போட்டார்.

இன்று காலை மகள்தான் மாமனாரின் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டாள். இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றி, ஓட்டுநரிடம் மட்டும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள்.

கண் டாக்டர் சாயம் தோய்த்த ஒரு காகிதத் துண்டைக் கண்ணில் ஒற்றிவிட்டு நீல விளக்கைப் போட்டார். கருவிழியின் ஓரத்தில் ஒரு திட்டு பச்சையாக ஒளிர்ந்தது. கடுகளவுதான்.

புண் என்றார் டாக்டர். கீறின இடத்தில் கிருமி இறங்கியிருக்கிறது. கொஞ்சம் சுரண்டி எடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று பார்க்க வேண்டும். இப்போதைக்கு ஓரத்தில் இருப்பது நடுவுக்கு நகர்ந்தால், அந்தக் கண்ணில் பார்வை போய்விடும்.

ஏதாவது சொட்டு போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று சம்பந்தி சட்டென்று சொன்னார்.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

“எனக்காகப் பொய் சொல்றார், டாக்டர். கிண்டினதும் நான்தான், சொட்டு விட்டதும் நான்தான்.”

சட்டைப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். கேட்காமலே கைக்குட்டையையும் பக்கத்தில் வைத்தார்.

டாக்டர் குப்பியைத் திருப்பிப் படித்தார். இது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கும், கிருமிக்குத் தீனி போட்டு வளர்க்கும். நல்லவேளை, இப்போதாவது வாயைத் திறந்தீர்கள் என்றார். வேறு மருந்து எழுதினார். மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுப்பிப் போட வேண்டும். நாளைக்குக் கூட்டிவந்து காட்டுங்கள், இன்றைக்கு எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

எப்படிப் போடுவது என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கீழ் இமையை மட்டும் இழுக்க வேண்டும். குப்பியின் முனை எதிலும் படக்கூடாது. வீட்டில் யார் போடுவீர்கள் என்று கேட்டாள்.

சம்பந்தி அவர் பக்கம் கையைக் காட்டினார்.

போன உயிர் பாதி திரும்பியது அவருக்கு. ஒரு கண்ணில் சறுக்கிவிட்டது, உண்மைதான். அதற்காக இத்தனை வருஷத்துக் கைராசி பொய்யாகிவிடுமா?

நர்ஸ் அவரையும் மேஜைமேல் கிடந்த கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் லேத்துப் பட்டறையா என்றாள். அவர் தலையாட்டினார். அந்தக் கைக்குட்டை டாக்டர் நீங்கள்தானா என்று சிரித்துவிட்டாள்.

உங்கள் ஆட்கள் எல்லோரும் அன்றைக்குச் சாயங்காலமே இங்கே வந்துவிடுவார்களே என்றாள். தூளை எடுத்து மருந்து போட்டு அனுப்புவது நாங்கள்தான். பெரியவர் ஆசையாகச் செய்கிறார், அவர் காதுக்குப் போக வேண்டாம் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போவார்கள். இதோ, இவரும் போன வருஷம் வந்தவர்தான்.

அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை மட்டும் ஏன் வரவில்லை என்று சம்பந்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

சம்பந்தி நல்ல கண்ணால் தரையைப் பார்த்தார். சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிப்பது போல இருந்தது.

“நீங்கதான் பக்கத்தை விட்டு நகரவே இல்லையே, சம்பந்தி.”