கொல்லைப்புறத்து லாரி

குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, சொந்த மகன் தண்ணீர் லாரித் தொழில் செய்வது தீராத தலைகுனிவு.

"அரசாங்கம்னா நாலு பேருக்குப் பதில் சொல்லணும்டா. காசுக்குத் தண்ணி விக்கறவன் யாருக்குப் பதில் சொல்லுவான்?" என்பார்.

மகன் வாயே திறப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் இருக்கும் என்று இவர் முடிவு கட்டிக்கொள்வார்.

தெருக்காரர்கள், "குழாய்ல சொட்டுத் தண்ணி வரலைங்க சார்" என்று புலம்பினாலும் விடமாட்டார்.

"என் வீட்டுக்கு வருதே! வாரியத்தைக் குத்தம் சொல்லாம, உங்க குழாயைச் சுத்தம் பண்ணுங்க."

அன்று காலை நடைக்குப் போனவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதியிலேயே திரும்பினார்.

கொல்லைப்புறத்துச் சந்தில் மகனின் லாரி நின்றது. மோட்டார் உறுமியது. லாரிக்கும் வீட்டின் தரைத்தொட்டிக்கும் நடுவே, மதிலைத் தாண்டி ஒரு தடித்த ரப்பர் குழாய். தொட்டி மூடியைப் பிடித்தபடி மனைவி காவல் நின்றாள்.

"சீக்கிரம்டா, அப்பா வந்துடப் போறார். தெரிஞ்சா மனுஷன் உயிரையே விட்டுடுவார்."

தெருக் குழாய்கள் ஏன் காய்ந்து கிடக்கின்றன என்பது அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவர் கட்டிக் காத்த தண்ணீர், அவர் வீட்டு இணைப்பு வழியாகவே களவு போகிறது!

பெற்ற பாசம் ஒரு கணம் தடுத்தது. குடும்ப மானம் அதைத் தள்ளிவிட்டது. மதிலோரம் பதுங்கி, பக்கத்துத் தெருவில் இருந்த வாரிய அலுவலகத்துக்கு போன் போட்டார்.

"தண்ணித் திருட்டு. உடனே வாங்க. திருடன் என் மகன்தான். தயவு தாட்சண்யமே வேண்டாம்."

ஒரு காலத்தில் அவரிடம் வேலை பார்த்த அதிகாரி ஜீப்பில் பறந்து வந்தார். பின்னாலேயே தெருவும் திரண்டது.

பொறியாளர் மார்பை நிமிர்த்தினார். "எல்லாரும் பாத்துக்குங்க! சட்டம்னு வந்துட்டா எனக்கு மகனும் இல்ல, பெண்டாட்டியும் இல்ல!"

"சந்தோஷம். அப்ப மத்தியானச் சாப்பாட்டையும் வாரியத்துலயே முடிச்சுக்குங்க" என்றாள் மனைவி.

மகன் மோட்டாரை அணைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான்.

அதிகாரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். லாரிமேல் ஏறி அதற்குள்ளும் பார்த்தார். இறங்கி வந்து, பிடரியைச் சொறிந்தபடி பழைய மேலதிகாரியின் காதருகே குனிந்தார். ஆனால் தெருவே மூச்சடக்கி நின்றதால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், லாரி காலியா இருக்கு, உங்க தொட்டிதான் ரொம்பி வழியுது... மெயின் குழாய் உடைஞ்சதுலேருந்து இந்த ஏரியாவுக்கு நாம தண்ணியே விடல, நம்ம ஆபீசுக்கே உங்க பையன்தான் ஊத்தறாரு."