கோட்டுக்குப் பின்னால்

எட்டாம் அத்தியாயம் வரை எல்லோரும் நிம்மதியாகச் செத்திருந்தார்கள்.

களிமண் பலகையில் எழுதியவர்கள், அரசவையில் பாடியவர்கள், சிறையிலிருந்து நாவலைத் துண்டு துண்டாக வெளியே அனுப்பியவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, இறந்த ஆண்டு. மெய்ப்புப் பார்க்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஒன்பதாவதுதான் வதை. நம் காலத்து எழுத்தாளர்கள். அதில் இருபத்திரண்டு பேருக்குக் கோட்டுக்குப் பின்னால் வெற்றிடம்.

யாரும் படிக்கலாம் என்று சொல்லி விற்கப்போகிற இலக்கிய வரலாறு இது. நாளை காலை இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதற்குள் இருபத்திரண்டு வீடுகளுக்கும் ஃபோன் செய்து, ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போன மாதம் பன்னிரண்டு நாள் நான் விடுப்பில் இருந்ததால் எல்லாம் இன்றைக்கு என் தலையில் வந்து விழுந்தது.

முதல் பதிப்பில் உயிரோடிருந்த ஒரு கவிஞரைச் சாகடித்துவிட்டோம். அவர் புத்தகத்தோடு அலுவலகத்துக்கே வந்து, பதிப்பாசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு விதி. வீட்டார் வாயால் கேட்காமல் யாரையும் முடிக்கக் கூடாது. பத்து முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால், இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது? இலவசப் பிரதி அனுப்ப முகவரியைச் சரிபார்ப்பதாக ஆரம்பிப்பேன். பாதிப் பேருக்குப் புரிந்துவிடும்.

ஒரு சிறுகதை எழுத்தாளரின் மனைவி சொன்னார்: “அவர் இருக்காரும்மா. எழுதறதுதான் நின்னுபோச்சு. அதுக்கு வருஷம் போட இடமிருக்கா?”

இடமில்லை என்றேன்.

மாலைக்குள் நான்கு பேருக்கு ஆண்டு போட்டிருந்தேன். காது சுட்டது. பதிப்பாசிரியர் எட்டிப் பார்த்து, “இன்னும் ஒண்ணுதானே? முடிச்சுட்டுக் கிளம்பும்மா, முகமே சரியில்ல” என்றார்.

கடைசிப் பெயருக்கு ஒன்றரை வரி. ஒரே ஒரு நாவலோடு நிறுத்திக்கொண்டவர். அதையும் புனைபெயரில் எழுதியவர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இந்த அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

எண்ணைப் பட்டியலில் பார்க்காமலே அழுத்தினேன்.

அந்த வீட்டில் மணி அடித்தது. ஜன்னலோரம் அந்தச் சின்ன மேசை, அதன்மேல் அதிர்கிற தொலைபேசி, கைப்பிடி தேய்ந்த நாற்காலி. பத்து வரை நிதானமாக எண்ணினேன்.

யாரும் எடுக்கவில்லை.

கோட்டை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘பதில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பேருந்தில் சில்லறைக்காகக் கைப்பைக்குள் துழாவியபோது அந்த வீட்டின் சாவி தட்டுப்பட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு, அப்பாவின் மூக்குக்கண்ணாடி.