பாலத்துக்கு இந்தப் பக்கம்

"சத்தியமா அது வெங்காயம் வெட்டுற கத்தி சார்!"

சோதனைச் சாவடி மேஜைமேல் நீளமாகக் கிடந்த கத்தியைப் பார்த்தபடி அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் கொழுந்தன் தலைகுனிந்து நின்றான். சுவரோரம் அவள் கணவன், கார் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி நின்றிருந்தான்.

மாநில எல்லையில் அவ்வளவு நீள வரிசை. எத்தனையோ வண்டிகள் ஊர்ந்து போக, இவர்கள் காரை மட்டும் ஓரங்கட்டச் சொன்னார்கள். கொழுந்தன் உட்கார்ந்திருந்த பின்சீட்டுக்கு அடியில் கான்ஸ்டபிள் கையை விட்டதும், துண்டில் சுற்றிய கத்தி வெளியே வந்தது. நேரம் சரியில்லையென்றால் இப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க" என்றார் அதிகாரி. "போன வாரம் ஒருத்தர் ஆப்பிள் நறுக்கன்னு அரிவாளோட வந்தாரு."

"இவன் நிஜமாவே சமையல்காரன் சார். கத்தின்னா உயிரு. வெங்காயத்துக்கு ஒண்ணு, கறிக்கு ஒண்ணு, மீனுக்கு ஒண்ணுன்னு வரிசையா வச்சிருப்பான். ஒருநாள் அதுல ஒண்ணை எடுத்துப் பழம் நறுக்கிட்டேன்னு என்கிட்ட முகங்கொடுத்துப் பேசலைன்னா பார்த்துக்குங்களேன்!"

கொழுந்தன் நிமிரவில்லை.

"இருக்கட்டும். இப்ப ஒரு பாலம் தாண்டி வந்தீங்களே, அதுக்கு அந்தப் பக்கம் இது சமையல் சாமான். இந்தப் பக்கம் ஆயுதம். டிக்கியில வச்சுப் பூட்டியிருந்தா நானே சல்யூட் அடிச்சு அனுப்பியிருப்பேன். உட்கார்ந்த இடத்துல கைக்கு எட்டுற மாதிரி இருந்தா இங்க குற்றம். பாலத்து முனையில ஆளுயரத்துக்கு போர்டு வச்சிருக்கோமே, யாரும் படிக்கலையா?"

"இப்பவே டிக்கியில வச்சுப் பூட்டிடறோம் சார்!"

"பிடிச்சதுக்கு அப்புறம் பூட்டினா எப்படிம்மா?"

அண்ணி மேஜையை ஒட்டி நகர்ந்தாள். "இன்னிக்குச் சாயங்காலம் புது ஓட்டல்ல வேலைக்குச் சேரணும் சார். போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. இவன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு வந்து, பிள்ளையோட அந்த ஓட்டல் இருக்கிற ஊர்லதான் இருக்கா. இவன் ஒரு வேலையில நிலைச்சு நின்னாத்தான் அவ மனசு மாறும். ஒரு குடும்பம் ஒண்ணு சேரப் போற நேரம் சார்..."

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"முதல் தடவைங்கறதால பெருசா ஒண்ணும் ஆகாதும்மா. ராத்திரி இங்க இருக்கட்டும். காலைல மாஜிஸ்ட்ரேட் எச்சரிச்சு விட்டுடுவார். கத்தியையும் டிக்கியில போட்டு எடுத்துட்டுப் போகலாம். இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

"சட்டம்னா சட்டம்தானே" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் கொழுந்தனின் தோளைத் தொட்டார். உள்ளே போகப் போனவன் வாசற்படியில் நின்று, முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"காலைல கத்தியைக் கண்டிப்பாத் திருப்பிக் குடுத்துடுவீங்கள்ல சார்?"

இந்த நிலைமையிலும் பிள்ளைக்குத் தொழில்மேல் எவ்வளவு பற்று! அண்ணிக்குக் கண் கலங்கியது.

வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், அவள் வெடித்தாள். "பாலத்து முனையில வண்டியை மெதுவாக்கி அந்த போர்டைப் படிச்சது நீங்கதானே? அப்பவே கேட்டிருக்கலாமே, கத்தி எங்க வச்சிருக்கேன்னு!"

"எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா ஓட்டிட்டு வந்தீங்க?"

"பெட்ரோல் போடறப்ப இறங்கிப் போய், இந்தச் சாவடிக்குப் போன் பண்ணிச் சொன்னதே நான்தான்."

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீங்கல்லாம் ஒரு அண்ணனா? கூடப் பிறந்தவன் குடும்பம் சேர்றது உங்களுக்குப் பொறுக்கலையா?"

அவன் அவள் கையை விலக்கவில்லை. போனை எடுத்து எண்ணைத் தட்டினான். மறுமுனையில், பிள்ளையின் சிணுங்கலுக்கு நடுவே, கொழுந்தன் மனைவியின் குரல் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"எந்த ஓட்டலும் இல்லம்மா, நான் விசாரிச்சுட்டேன். மத்த கத்தி எல்லாம் வீட்டு அலமாரியில அப்படியே இருக்கு, ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு உன் ஊருக்குக் கிளம்பினான். மனசுல நினைச்சதுக்கெல்லாம் உள்ள வைக்க முடியாதாம், சீட்டுக்கு அடியில வச்சதுக்கு ஒரு ராத்திரிதானாம்..."

அண்ணியின் பிடி தானாகத் தளர்ந்தது. அவன் குரல் உடைந்தது.

"விடியறதுக்குள்ள பிள்ளையைத் தூக்கிட்டு எங்கயாவது போயிடும்மா!"