எட்டு வீட்டுக் காய்ச்சல்

"யதேச்சையா வந்த காய்ச்சல் இல்லை சார். கோடியில ஒரு பங்குகூட அதுக்கு இடமில்லை" என்றாள் விஜயம்.

திருவனந்தபுரம் சுகாதார அதிகாரி டாக்டர் சிவதாணு அவள் நீட்டிய தாளை வாங்கினார். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த வருஷம் அது. கணக்கில் பி.ஏ. முடித்த பெண்ணுக்கு டீச்சர் வேலையை விட்டால் வேறென்ன என்று கரமனைத் தெருவே சிரித்தபோது, நோய்க் கணக்கு எடுக்க அவளை நியமித்தவர் அவர்தான்.

"மத்த வீடுகள்ல நூத்துக்கு ரெண்டு வீட்லதான் டைபாய்ட். ஆனா விசேஷம் நடந்த பதினோரு வீட்ல எட்டு! அந்த எட்டு வீட்லயும் சமையல் பிச்சுமணி மாமா. பாக்கி மூணு வீட்ல வேற ஆள்."

"தண்ணி?"

"எல்லாருக்கும் ஒரே பைப்புத் தண்ணிதான் சார்."

சிவதாணு நிமிர்ந்து உட்கார்ந்தார். "காய்ச்சல் வந்து சொகமான சில பேரு உடம்பில கிருமி தங்கிப்போவும், கேட்டியா. அவங்க நல்லா நடமாடுவாங்க. அவங்க கை பட்டதைத் தின்னவனுக்குத்தான் ஆபத்து. போய் விசாரிம்மா."

இதுவரை நான்கு சாவு. அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன அன்று விஜயத்தின் அம்மா வாலாம்பாள் சாப்பிடவே இல்லை. "எதனாலன்னு கண்டுபிடிடீ. உன் படிப்பு பின்னே எதுக்கு?" என்று அழுதாள். புருஷன் போனபின் கோயிலுக்குப் பூக்கட்டி, ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவள் அவள்.

ஸ்ரீவராகத்தில் பிச்சுமணி தன் வீட்டு வாசலிலேயே அவளை மறித்தார். "என்னையும் என் ரெண்டு பிள்ளைகளையும் பரிசோதனை பண்ணியாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாளே!"

"வேற யாரும் சமையல்ல கைவைக்க மாட்டாளா மாமா?"

பிச்சுமணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா, நாளைக்கு எங்கே சமையல்?"

"பழவங்காடியில. நூறு இலை."

"இன்னும் எத்தனை பேர் சாகணும்?"

அவர் குரல் இறங்கியது. "பச்சடி கலக்க, மோர் கரைக்க ஒரு மாமி வருவா. கொல்லை வழியா வந்துட்டுப் போயிடுவா. பேரை யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கா."

"அவாளுக்குக் காய்ச்சல் வந்துதா?"

"வந்தது. போன ஆடியில, மூணு வாரம்."

விஜயத்தின் பென்சில் நின்றது. அதே ஆடியில் அவள் வீட்டிலும் இருவரும் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார்கள்.

பிச்சுமணி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பூக்கட்டற காசில ஒரு பொண்ணை பி.ஏ. படிக்கவைக்க முடியுமா, குழந்தே? நாலு வருஷமா வர்றது உன் அம்மாதான்."