கீறல்

செல்வினின் கை நீளம், கால் நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்து அவனுக்கென்றே செய்த சைக்கிள் அது. வேறு யார் ஏறினாலும் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வான். சாலையோரம் நின்றிருந்த கார் ஒன்றின் கதவு சட்டென்று திறந்ததில், அதில் மோதி அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான், சைக்கிள் இன்னொரு பக்கம் போய் விழுந்தது.

கார்க்காரர் பதறி இறங்கினார். "தம்பி, முட்டியில எலும்பு தெரியுது. அசையாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

செல்வின் தவழ்ந்து சைக்கிளிடம் போனான். சைக்கிளின் கார்பன் இழைச் சட்டத்துக்குள் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தட்டிக் கேட்டால்தான் தெரியும். ஒரு நாணயத்தை எடுத்தான். சட்டத்தில் காதை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தபடி தட்டிக்கொண்டே வந்தான். கணீரென்று கேட்டது. ரத்தத்தில் நாணயம் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினான். இருக்கைக்குக் கீழே வந்தபோது ஓசை செத்துப்போனது, ஈர மண்ணைத் தட்டியதுபோல. அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினான். அதே ஓசை.

"சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஒரு கீறல்கூட இல்ல பாருங்க" என்று அவனைத் தூக்கிவிடக் குனிந்தார் கார்க்காரர்.

செல்வின் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, திறந்து கிடந்த கதவில் அவர் தலையை ஓங்கி மோதினான். அவர் கைகள் துவளும்வரை மோதினான். பிறகு அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். ஒரு கீறல்கூட இல்லை. காதைத் தாழ்த்தி, நாணயத்தால் அவர் நெற்றியில் மெதுவாகத் தட்டினான்.