உறையாத துளி

கோடு இன்றைக்கும் இறங்கவில்லை.

அவள் கருவியின் திரையைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடி மூடிக்குள் காசளவு குவார்ட்ஸ் வில்லை. அதன் நடுவில் ஒரு துளி இரத்தம்.

கணவன் சிவராசுவின் இரத்தம்.

வில்லை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. வெறும் காற்றில் அதன் இஷ்டத்துக்கு நடுங்கும். தண்ணீர் பட்டால் தயங்கும். தேன் பட்டால் திணறும். மேலே இருப்பது கெட்டியாகக் கெட்டியாகத் திரையில் கோடு இறங்கும். கோடு அடியைத் தொட்டால் வில்லை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இரத்தம் உறைவதை அளக்கத்தான் அவள் இந்தக் கருவியைச் செய்தாள். சிவராசுவுக்கு இதய வால்வு மாற்றிய பிறகு, அவனிடமிருந்தே கொஞ்சம் எடுத்து வந்தாள். உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன்தான். அப்படியும் எந்த இரத்தமும் கடைசியில் உறைந்துதானே ஆக வேண்டும்.

குழாயில் மீதமிருந்தது உறைந்தது. கறுத்தது. அதைக் கழுவி ஊற்றியும் ஆயிற்று.

வில்லை மேல் இருந்த துளி மட்டும் வாரக்கணக்காகச் சிவப்பாகவே இருக்கிறது.

முதலில் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தாள். அணைத்துப் பார்க்கலாம் என்று பொத்தானில் கை வைத்தாள். அழுத்துவதற்குள் மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தது. கோடு விழுந்து எழுந்தது. அதே நேரம் வீட்டில் சிவராசு சோற்றுத் தட்டின் மேல் மயங்கிச் சரிந்து, தானாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் கருவியை அணைக்கவேயில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

இன்று ஆயுத பூஜை. எல்லாக் கருவிகளையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுப்பது இந்த ஆய்வகத்தின் வழக்கம். இது ஒன்று மட்டும் ஓடட்டும் என்று துறைத் தலைவரிடம் கெஞ்சாத குறையாக அனுமதி வாங்கியிருந்தாள். எந்திரத்துக்குக்கூட லீவு தராத மகராசி என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். சிரித்து வைத்தாள்.

அடுத்த அறையில் சூடம் காட்டினார்கள். போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவனுக்காக வேண்டிக்கொண்டு, கை நிறையப் பொரிகடலையோடு திரும்பினாள்.

கருவியின் பக்கத்தில் வேலாத்தாக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். ஆய்வகத்தைப் பெருக்கித் துடைப்பவள். வருடா வருடம் கருவிகளுக்குப் பொட்டு வைப்பதும் அவள்தான். ஒன்றைக்கூட விடமாட்டாள்.

கண்ணாடி மூடி திறந்திருந்தது.

"இதுக்கு யாரோ சந்தனம் வெக்காமயே குங்குமம் வெச்சிருந்தாங்க மேடம். வெறும் குங்குமம் நல்லாவாங்க இருக்கும்? நானே வெச்சு உட்டுட்டனுங்க."

சிவப்பைச் சுற்றி மஞ்சளாய், ஈரமாய், தடிமனாய்ச் சந்தனம். இரத்தத் துளி கொஞ்சமும் கலையாமல் அவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாள்.

துடைத்தால் இரத்தமும் சேர்ந்து வந்துவிடும்.

திரையில் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. அவசரமே இல்லாமல்.

பொரி தரையெல்லாம் சிதறியது. வேலாத்தாக்கா பதறிக் குனிந்து பொறுக்கினாள்.

கைபேசி அடித்தது. சிவராசு. வீட்டிலிருந்து.

எடுத்தாள். அவன் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது.

"பயந்துக்காத, நல்லாத்தான் இருக்கறேன். நெஞ்சுல யாரோ சந்தனத்த அப்புன மாதிரி சில்லுனு இருக்குது. சுகமா இருக்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பொரியை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் அதை நிறுத்தினாள்.

திரும்பி வந்து குனிந்து பார்த்தாள்.

சந்தனம் ஓரத்தில் காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது.