இரண்டாவது மூச்சு

இழுக்கும், நின்றுவிடும், மறுபடியும் இழுக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், கூடத்தை ஒட்டிய சின்ன அறையிலிருந்து அவள் கேட்ட மூச்சு அது. நாத்தனாரின் கணவர் கடைசி நாட்களில் அங்கேதான் படுத்திருந்தார். அவர் போனபிறகு அந்த அறையில் பழைய சாமான்கள் குடியேறின.

பல வருஷம் கழித்து, பாட்டுப் பதிவு செய்ய அவள் அந்த அறையைக் கேட்டாள்.

பாடிக்கொண்டிருந்த மேடைக் குழு கலைந்து வீட்டோடு கிடந்தவளுக்கு, குழந்தைகள் படத்துக்குப் பாடும் வாய்ப்பு வந்திருந்தது. வீட்டிலேயே பாடி அனுப்ப வேண்டும். பின்னணியில் ஒரு பொட்டுச் சத்தம்கூட இருக்கக் கூடாது. ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லை.

"எடுத்துக்கோ," என்றாள் நாத்தனார். "ஆனா கதவுக்கு மேல இருக்கற வென்டிலேட்டரை மட்டும் அடைக்கக் கூடாது."

"ஏன் அண்ணி? கூடத்துக்கு வர்ற தெருச் சத்தம் பூரா அது வழியாத்தானே உள்ள வரும்?"

"கூடாதுன்னா கூடாது."

அவ்வளவுதான் பேச்சு.

கணவன் பேக்கரியிலிருந்து முட்டை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தான். சுவர் முழுக்க ஒட்டிப் பார்த்தும் சத்தம் அடங்கவில்லை.

"பேசாம கோழி வளர்க்கலாம்," என்றாள் அவள்.

பிறகு பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்தார்கள். கம்பளிகளைக் கொடியில் தொங்கவிட்டார்கள். துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் மைக்கை நிறுத்தினார்கள். தையல் வளையத்தில் ஒரு பழைய காலுறையை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன் வைத்ததும், 'ப' சொல்லும்போது வெடிக்கிற காற்று அடங்கியது. எல்லாம் சரி. வென்டிலேட்டர் வழியே ஹாரன் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"உங்க அக்காவுக்கு நான் பாடறதே பிடிக்கலை. அதான் அந்த ஓட்டையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க."

"அத்தான் வந்து போற வழியோ என்னமோ!" என்று கணவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் கணவன் வேலைக்குப் போயிருந்தான். கதவுக்கு முதுகு காட்டி நின்று, ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முதல் வரி முடிவதற்குள் தெரு இல்லாமல் போனது. ஹாரன் இல்லை, நாய் இல்லை. ஊரே எழுந்து எங்கோ போய்விட்டது போலிருந்தது.

பாட்டை அனுப்பினாள். மாலையில் இசையமைப்பாளர் கூப்பிட்டார்.

"குரல் ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா, கூட யாரு இருந்தாங்க?"

"யாருமில்லையே சார்."

"வரிக்கு வரி நடுவுல யாரோ மூச்சு விடறாங்க. உங்க மூச்சு இல்லை அது. நாளைக்குச் சுத்தமா ஒண்ணு அனுப்புங்க. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

போட்டுக் கேட்டாள். இருந்தது. இழுத்து, நின்று, மறுபடியும் இழுத்தது.

ஹெட்ஃபோனைக் கணவனிடம் நீட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"அத்தான்..." என்றான். இந்த முறை அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணி, அந்த ரூம்ல எப்பவாவது உங்களுக்கு ஏதாவது கேட்டிருக்கா? என் பாட்டுல யாரோ மூச்சு விடறாங்க."

நாத்தனார் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாட்டு கெட்டுப்போச்சா?"

"நாளைக்கும் அப்படி இருந்தா வேலை போயிடும்."

"இருக்காது," என்றாள் நாத்தனார், வேறு யாருக்காகவோ வாக்குக் கொடுப்பவள்போல.



மறுநாளும் பாட ஆரம்பித்ததும் தெரு அடங்கியது. வரிகளின் நடுவே காதைத் தீட்டிக்கொண்டாள். மூச்சு இல்லை. அது இல்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது. யாரோ இருந்துகொண்டு, அவள் நிறுத்தும்போதெல்லாம் தானும் நிறுத்துவதுபோல.

கடைசி வரியை இழுத்துப் பாடி, அது அடங்கும்வரை காத்திருந்து, பதிவை நிறுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது.

கதவைத் திறந்தாள். கூடத்தில் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் தடிமனான பஞ்சுப் போர்வை. அதற்கு அடியில், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, நாத்தனார்.

"அண்ணி! ஸ்டூல் மேல ஏறி என்ன பண்ணீங்க?"

"போர்வையால அந்த ஓட்டையை மூடிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நேத்து கை கடுத்து மூச்சு வாங்கிடுச்சு. இன்னிக்கு நீ பாடறப்பதான் மூச்சு விட்டேன், வரிக்கு நடுவுல விடவே இல்லை. பாட்டு சரியா வந்துச்சா?"

"அதுக்கு ஒரு பலகையை வெச்சு ஆணி அடிச்சிருக்கலாமே! நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"கதவையும் சாத்தி அதையும் அடைச்சுட்டா, உள்ள நீ எப்படிடி இருப்பே? காத்து பத்தாம ஒரு ஆள் திணறறதை நான் இதே ரூம்ல பாத்திருக்கேன். பாடற நேரம் மட்டும் பிடிச்சுக்குவோம், முடிச்சதும் காத்து வரட்டும்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஏற விட்டிருப்பியா?"

எழுந்திருக்க வலது கையை ஊன்றியவள் முகத்தைச் சுளித்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பாட்டு தேர்வானது. அதன்பின் நிறையப் பாட்டுகள் வந்தன. நாத்தனாரின் வலது கை மட்டும் அப்புறம் தோளுக்கு மேல் எழவே இல்லை.